நுளம்புக்கு வைத்த போத்தல்

மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று பெண் வீட்டார் கேட்டால் சொல்லக்கூடிய பதில்கள் எங்கள் ஊரில் மிகக் குறைவு. டொக்டர், எஞ்சினியர், வங்கி, வெளிநாடு. ‘நுளம்பு பிடிக்கிறார்’ என்பது அதில் இல்லை. (கடைசியிலும் இல்லை. பார்த்துவிட்டேன்.)

ஆனால் நான் செய்துகொண்டிருந்தது அதைத்தான். உப்புத் தண்ணீரில் பெருகும் நுளம்பு (கொசு) இனங்களை ஆராயும் பல்கலைக்கழகத் திட்டம் ஒன்றில் உதவியாளன். இலங்கைத்துறையில் ஒரு அறை வாடகைக்கு எடுத்துத் தங்கி, கடல்நீர் ஏறும் களப்போரத்துக் கண்டல் காட்டுக்குள் பின்னேரங்களில் காற்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். காலில் வந்து குந்தும் நுளம்பை ஒரு கண்ணாடிக் குழாயால் வாய் வைத்து உறிஞ்சிப் பிடிக்க வேண்டும். குழாயின் நடுவில் வலைத்துணி இருக்கும், ஆகவே நுளம்பு வாய்க்குள் வராது. அநேகமாக வராது.

இந்த விபரம் எதையும் அம்மா வெருகலில் பெண் பேசும்போது சொல்லவில்லை. நான்தான் தடுத்திருந்தேன். “ஆராய்ச்சியாளர் எண்டு மட்டும் சொல்லுங்கோ” என்றேன். அந்தப் பெண் நிரோஜாவை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. தொலைபேசியில் பேசத் தொடங்கினால் காது சூடாகும்வரை வைக்க மனம் வராது. அவளுக்கும் சம்மதம், அவளுடைய அம்மாவுக்கும் சம்மதம். மிச்சம் இருந்தது அவளுடைய அப்பா செல்லத்தம்பி மாஸ்டர் ஒருவர்தான். ஓய்வுபெற்ற அதிபர், கோயில் சபைத் தலைவர், கள்ளச் சாராயமான கசிப்பை ஊரைவிட்டு ஒழிப்பதற்கென்றே பிறந்தவர். “பெடியனைப் பற்றி நாலு இடத்தில விசாரிச்சுப்போட்டுச் சொல்லுறன்” என்றிருந்தார். விசாரிக்கட்டும் என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். பீடி, சிகரெட், சாராயம் எதுவும் தொடாத பிள்ளை அல்லவா நான்.

காலில் உட்காருவது போதாதென்று பொறிகளும் வைத்திருந்தேன். நாம் விடும் மூச்சை மோப்பம் பிடித்துத்தான் நுளம்பு நம்மிடம் வருகிறது. அந்தக் காற்றைப் போத்தலிலும் உண்டாக்கலாம். இளஞ்சூட்டுத் தண்ணீரில் சீனியும் ஈஸ்டும் கரைத்து வைத்தால் அது நுரைத்து நுரைத்துக் காற்று விடும். மூடியில் துளையிட்டு ஒரு குழாயைச் செருகினால், நுளம்பு யாரோ ஆள் இருப்பதாக நினைத்துக் குழாய் வாய்க்கு வரும். வசதியான திட்டங்களில் இதற்கு வேறு ஏதேதோ வைப்பார்களாம். எங்கள் திட்டத்தின் வசதிக்குச் சீனிதான்.

ஆகவே சந்திக் கடைத் தவம் அண்ணனிடம் கிழமை தவறாமல் கிலோக் கணக்கில் சீனியும் கைநிறைய ஈஸ்டும் வாங்கினேன். “தம்பி, இவ்வளவும் என்னத்துக்கு?” என்று அவர் கேட்டபோது, “அது உங்களுக்கு விளங்காது அண்ணன்” என்றேன். (அந்த நேரம் எனக்கிருந்த தலைக்கனத்தைப் போட்டுக் கட்ட ஒரு தனிச் சாக்கு வேண்டும்.) சீனி, ஈஸ்ட், குழாய் வைத்த போத்தல் ஆகியவற்றோடு கண்டலுக்குள் நுழைபவர்கள் இந்த நாட்டில் இரண்டு கூட்டம். ஒன்று நுளம்பு ஆராய்ச்சிக்காரர். மற்றது கசிப்புக் காய்ச்சுபவர்கள். முதற்கூட்டம் ஒன்று இருப்பதே ஊரில் யாருக்கும் தெரியாது.

மாஸ்டர் விசாரிக்கத் தொடங்கிய முதல் இடமே தவம் அண்ணனின் கடை. மற்ற மூன்று இடங்களுக்கும் அவர் போகவில்லை.

அன்று பின்னேரம் நான் வழக்கம்போலக் காலை விரித்து உட்கார்ந்து, குழாயை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் போத்தல்கள் நுரைத்துக்கொண்டிருந்தன. கிளைகளை விலக்கிக்கொண்டு வெள்ளை வேட்டி ஒன்று வந்தது. படத்தில் மட்டும் பார்த்த முகம். பின்னால் அவரை ஏற்றி வந்த ஓட்டோக்காரர், மூதூர் ஜௌபர் நானா.

“குழாய் வச்சே குடிக்கிறான், நானா” என்றார் மாஸ்டர். கோபத்தைவிடத் துக்கம்தான் அந்தக் குரலில் அதிகம்.

“ஐயா, நான் நுளம்பு பிடிக்கிறன்” என்றேன்.

“ஓம், நுளம்புக்குத்தான் கசிப்பு ஊத்திக் குடுக்கிறாய் போல.”

விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து அவருடைய வழுக்கைத் தலையில் ஒரு நுளம்பு வந்து குந்தியது. நான் பல கிழமைகளாகத் தேடியும் கிடைக்காத இனம். காலில் வெள்ளை வளையம், மூக்கில் வளையம், எல்லாம் அப்படியே. வேறு யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் தன் கலியாணத்தை நினைத்திருப்பார்கள். நான் “அசையாதீங்கோ ஐயா” என்று எட்டிப் போய், வருங்கால மாமனாரின் உச்சந்தலையில் குழாயை வைத்து உறிஞ்சினேன்.

நுளம்பு கிடைத்தது. மாஸ்டர் உச்சந்தலையைத் தடவிப் பார்த்தார். பிறகு, “இவனைப் பொலிசில குடுக்காம விட ஏலாது” என்றார்.

ஒரு போத்தலைச் சாட்சிக்கு எடுத்தார். குழாயை மூடியோடு கழற்றி எறிந்துவிட்டு, நான் தண்ணீர் குடித்த போத்தலின் மூடியை எடுத்து அதில் இறுக்கித் திருகினார்.

“ஐயா, அதை மூடாதீங்கோ.”

“வாயை மூடு.”

ஓட்டோவில் அவருக்குப் பக்கத்தில் என்னை இருத்தினார். அவருடைய மடியில் போத்தல். நிரோஜாவுக்கு இதை எப்படிச் சொல்வது என்பதுதான் என் யோசனை. பொலிஸ்கூடப் பரவாயில்லை, பல்கலைக்கழகத்தில் கேட்டால் நம்புவார்கள். இவர் போய் மகளிடம் ‘வேண்டாம்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் என் கதை முடிந்தது. பாதையோ குண்டும் குழியும். போத்தல் குலுங்கக் குலுங்க விம்மிக்கொண்டு வந்தது. வெருகல் கிட்டும்போது அது கல்லுமாதிரி ஆகிவிட்டது. மாஸ்டர் அதை அமுக்கிப் பார்த்துவிட்டு மூடியில் கை வைத்தார்.

“ஐயா, திறக்காதீங்கோ!”

“முதல்ல மூடாத எண்டாய், இப்ப திறக்காத எண்டுறாய். என்னடா விளையாடுறியா?”

திறந்தார்.

அந்தச் சத்தத்துக்கு ஜௌபர் நானா ஓட்டோவை வேலியில் ஏற்றிவிட்டார். நுரை கூரையில் அடித்துத் திரும்பி எங்கள் மூவர் மீதும் கொட்டியது. மாஸ்டரின் வேட்டி, சால்வை, திருநீறு எல்லாம் போய்விட்டது. புளித்த கள்ளின் மணம் சும்மா தூக்கியடித்தது.

“மாஸ்டர், இந்த மணத்தோட நான் பொலிசுக்கு வர ஏலாது” என்றார் ஜௌபர் நானா, முகத்தை வழித்தபடி. “எங்கட ஊருக்கும் போக ஏலாது. வாப்பா அறிஞ்சாரெண்டா என்னை வீட்டுக்குள்ள எடுக்கமாட்டார்.”

மாஸ்டர் தன்னை ஒருமுறை மணந்து பார்த்தார். “முதல்ல எங்கட வீட்டடியில விடும். குளிச்சிட்டுப் போவம்.”

வாசல் படலையில் நிரோஜாவின் அம்மா நின்றிருந்தார். மாஸ்டர் இறங்கும்போது வேட்டி தடுக்கி ஒருமுறை தள்ளாடினார். அந்தத் தள்ளாட்டம் போதுமாக இருந்தது.

“கோயில் சபைத் தலைவர்!” என்றார் மாமி. “ஊரெல்லாம் மேடை போட்டுக் கதைக்கிற மனிசன்! பொழுதுபட முந்தியே ஓட்டோவில கூட்டாளிமாரோட!”

“இல்லையப்பா, இது சீனித்தண்ணி...”

“ஓம், மணக்குது சீனித்தண்ணி! முகமெல்லாம் நுரையோட இதுகள் ஆர் ரெண்டு பேரும்? உங்களோட குடிக்கிற ஆக்களோ?”

மாஸ்டர் ஜௌபர் நானாவைப் பார்த்தார். நானா படலை வேலியை ஆராய்ந்துகொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் குடிக்கவில்லை என்று சொல்ல மிச்சமிருந்த ஒரே ஆள் நான். கசிப்புக்காரன் சொன்னால் அது எடுபடாது என்பதும் அவருக்கு விளங்கியது. முப்பது பிள்ளைகளின் பொய்யை ஒரே பார்வையில் கண்டுபிடித்த அதிபர், அந்தப் படலையில் நின்று தன் வாழ்நாளின் மிக வேகமான முடிவை எடுத்தார்.

“இவர் எங்கட மருமகன்” என்றார். “பல்கலைக்கழகத்தில நுளம்பு ஆராய்ச்சி செய்யிறவர். மெத்த நல்ல பிள்ளை, ஒண்டும் தொடமாட்டார். தம்பி, நீங்களே மாமிக்குச் சொல்லுங்கோவன்!”

நான் சொன்னேன். சீனி, ஈஸ்ட், நுளம்பு, மூச்சு, எல்லாம். ஒன்றும் விடாமல் சொன்னேன். உள்ளே யன்னலடியில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பது தெரிந்தது. போட்டோவைவிட நேரில் அழகு.

மாமி முழுவதையும் கேட்டார். நம்பவில்லை. மாப்பிள்ளையை மட்டும் எடுத்துக்கொண்டார், கதையை எடுக்கவில்லை. இன்றைக்கும் மாமாவும் நானும் சேர்ந்து எங்கே போய் வந்தாலும், கோயிலுக்கே போய் வந்தாலும், படலையில் மறித்து “ஊதுங்கோ” என்பார். முதலில் மாமா ஊதுவார், பிறகு நான். எங்கள் மகளுக்கு அது வீட்டுக்குள் நுழைகிற முறை என்று நினைப்பு. பாலர் பாடசாலையில் தினமும் காலையில் ரீச்சரின் முகத்தில் நன்றாக ஒருமுறை ஊதிவிட்டுத்தான் உள்ளே போகிறாளாம்.