கிட்டாருக்குள் ஒரு புல்லாங்குழல்

"என்னங்க, அண்ணன் எப்ப வந்தான்?"

மூடிய படுக்கையறைக் கதவுக்கு வெளியே மனைவியின் குரல் கேட்டதும் கிட்டார்காரர் துள்ளி எழுந்தார். அவசரமாக ஹெட்போனைக் கழற்றிப் பார்த்தார். அதன் ஒயர் பாதிதான் சொருகியிருந்தது. இவ்வளவு நேரமும் அவர் ரகசியமாக வாசித்ததெல்லாம் மூலையில் இருந்த சின்ன ஸ்பீக்கர் வழியாக வீடு முழுக்கக் கேட்டிருக்கிறது.

வாசித்தது கிட்டார். கேட்டது புல்லாங்குழல்.

காரணம், கட்டிலுக்கடியில் பாதி மறைந்தும் பாதி தெரிந்தும் கிடந்த கறுப்புப் பெட்டி. கிட்டார் சின்தஸைசர் என்று பெயர். "சும்மா ஒரு வாரம் வெச்சு வாசிச்சுப் பாருங்க. பிடிச்சா வெச்சுக்கோங்க" என்று இசைக்கருவிக் கடைக்காரர் கொடுத்தனுப்பியிருந்தார். கிட்டார் ஒயரை அதில் சொருகி, பெட்டியின் மேலுள்ள பட்டனைக் காலால் அமுக்கினால் போதும். கிட்டார் கம்பியைத் தட்டத் தட்டப் புல்லாங்குழல் சத்தம் வரும். அடுத்த பட்டனுக்கு வயலின். அதற்கடுத்ததற்கு டிரம்பெட். கடைசிப் பட்டனை அமுக்கினால் ஒரு கூட்டமே சேர்ந்து 'ஆ' என்று பாடும்.

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்குக் கிட்டார்காரரைத் தெரியாது. லிஃப்டில் தனியாக ஏறினால் நடுவில் நின்றுவிடுமோ என்று பயப்படுவார். யாராவது கூட ஏறினால் பாரம் தாங்குமோ என்று பயப்படுவார். ஆனால் இந்த முறை அவர் பயத்தில் நியாயம் இருந்தது. ஹோட்டல் ஒன்றில் ஞாயிறு மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாசிக்கும் குழு அவர்களுடையது. குழுத் தலைவரும் கீபோர்டுக்காரருமான மாஸ்டர் போன வாரம் எல்லாரையும் கூப்பிட்டு, "மேடையில இடம் பத்தலையாம். ஒருத்தரைக் குறைக்கச் சொல்றாங்க" என்று சொல்லியிருந்தார். அந்த ஒருத்தர் தான்தான் என்று கிட்டார்காரர் அந்த நொடியே முடிவுகட்டிவிட்டார்.

இந்தப் பெட்டி இருந்தால் ஒரே ஆள் நாலு ஆளாகிவிடலாம். அப்படிப்பட்டவரை யார் அனுப்புவார்கள்? ஆனால் கிட்டாரிலேயே புல்லாங்குழல் வந்துவிட்டால் குழுவிலுள்ள புல்லாங்குழல்காரர் எதற்கு? அந்தப் புல்லாங்குழல்காரர் வேறு யாருமல்ல, மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். பெட்டியைச் சேர்த்தால் மச்சானுக்கு வேலை போகும், தனக்கு வீடு போகும். சேர்க்காவிட்டால் தனக்கே வேலை போகும். இதற்கு நடுவில்தான் அவர் நான்கு நாளாகத் தூங்காமல் கிடந்தார்.

"உங்களைத்தாங்க கேக்கறேன். அண்ணன் எப்ப வந்தான்?"

"இப்பத்தான்" என்றார் கிட்டார்காரர். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? இருங்க, டீ போட்டுக் கொண்டு வரேன்."

"வேண்டாம், வேண்டாம்! முக்கியமான பயிற்சி. உள்ள வராதே."

"வரல. கதவுகிட்ட வைக்கிறேன், எடுத்துக்கோங்க."

சொன்னபடியே கதவருகில் இரண்டு கோப்பை வந்தது. கிட்டார்காரர் கையை மட்டும் நீட்டித் தட்டை உள்ளே இழுத்துக்கொண்டார். மச்சான் டீயில் சர்க்கரை தூக்கலாக இருக்கும். கிட்டார்காரருக்கோ சர்க்கரை கூடாதென்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். இரண்டையும் சுடச்சுடக் குடித்துவிட்டு, பெட்டியைக் கட்டிலுக்கடியில் நன்றாகத் தள்ளிவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "அண்ணன் எங்க?"

"போயிட்டாரே."

"எந்த வழியா? நான் ஹால்லதானே உக்காந்திருக்கேன்?"

அது ஒரு நல்ல கேள்வி. வீடு மூன்றாம் மாடியில் இருந்தது, இருந்ததும் ஒரே வாசல்.

"நீ டீ போடப் போனப்போ."

"அப்ப ரெண்டு டீயையும் யார் குடிச்சது?"

"நான்தான். வீணாப் போயிடுமேன்னு."

மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு அவள் முகம் மாறியது. "அப்ப என் முகத்துலகூட முழிக்காமலா போனான்? கூப்பிட்டுக் கேட்டுடறேன் இருங்க" என்று போனை எடுத்தாள்.

கிட்டார்காரர் குறுக்கே பாய்ந்தார். போன் போனால் கதை முடிந்தது. 'நான் வரவே இல்லையே' என்று மச்சான் சொல்வார். வராத ஆளின் புல்லாங்குழல் எப்படிக் கேட்டது என்று கேள்வி எழும். கேள்வி நேராகக் கட்டிலுக்கடியில் போய் நிற்கும்.

"இப்ப கூப்பிடாதே!" என்றார். "அவருக்கு உன் மேல கோபம்."

"என் மேலயா? நான் என்ன பண்ணினேன்?"

என்ன பண்ணினாள் என்று அவருக்கு மட்டும் என்ன தெரியும்? கண்ணில் பட்டது கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணி. "ஏதோ... சட்டையைப் பத்தி நீ சொன்னியாமே."

மனைவி போனைக் கீழே வைத்துவிட்டாள். "அந்தப் பழுப்புச் சட்டையா? உரச்சாக்கு மாதிரி இருக்குன்னு விளையாட்டுக்குத்தாங்க சொன்னேன்! அதை இன்னுமா மனசுல வெச்சிருக்கான்?"

குருட்டாம்போக்கில் வீசிய பொய் இப்படி ஓர் உண்மையின் மேல் போய் விழும் என்று கிட்டார்காரர் எதிர்பார்க்கவில்லை. தப்பித்தோம் என்று ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டார். அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு அவ்வளவுதான்.

"போன்ல பேசற விஷயமில்ல இது" என்றாள் மனைவி, கண்ணைத் துடைத்தபடி. "நாளைக்கு நானும் ஹோட்டலுக்கு வரேன். நல்லதா ஒரு சட்டை எடுத்துட்டு வந்து நேர்லயே மன்னிப்புக் கேக்கறேன்."

"நீ எதுக்கு அங்க வந்துகிட்டு? ஒரே கூட்டமா இருக்கும்!"

"நீங்க மேடையில வாசிக்கறதையும் நான் கேட்டதே இல்லையே. ரெண்டும் ஆச்சு."

அன்று மாலையே மாஸ்டரும் போனில் வந்தார். "நாளைக்கு ஹோட்டல் மேனேஜர் நேர்ல உக்காந்து கேக்கப் போறாரு. யாரைக் குறைக்கறதுன்னு அவரே முடிவு பண்ணுவாராம். அவரவர் வாசிப்பு அவரவர் பொறுப்பு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

கிட்டார்காரர் பெட்டியை எடுத்துத் துண்டில் சுற்றிப் பையில் வைத்தார். வெளியே எடுத்தார். மறுபடியும் வைத்தார். வாசிப்பதற்காக எடுத்துப் போகவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கொண்டு போகாமல் விட்டோமே என்று பிறகு தலையில் அடித்துக்கொள்ளக்கூடாது, அதற்காக மட்டும்தான்.

மறுநாள் ஹோட்டல் கூடத்தில் ஒரு மேசைகூடக் காலியில்லை. கரண்டிச் சத்தமும் பேச்சுச் சத்தமுமாக இருந்தது. முன்வரிசை மேசையில் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். கூடத்தின் கோடியில், பட்டன்கள் நிறைந்த மேசைக்குப் பின்னால் சவுண்டுக்காரர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். மேடையில் உள்ளவர்கள் ஒவ்வொருவரும் காதில் ஒரு இயர்போன் மாட்டிக்கொள்வார்கள். யார் காதுக்கு எது கேட்க வேண்டும், வெளியே கூடத்துக்கு எது கேட்க வேண்டும் என்பதெல்லாம் அவர் கையில்.

கிட்டார்காரர் பெட்டியைத் துண்டோடு காலடியில் வைத்து ஒயரைச் சொருகினார். நிமிர்ந்தபோது மேடைப் படியருகில் அவர் பயந்த காட்சி நடந்துகொண்டிருந்தது. மனைவி கையில் சட்டைப் பையுடன் அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தாள். மச்சான் முதலில் விழித்தார். பிறகு இல்லை இல்லை என்று தலையை ஆட்டினார். பிறகு மெல்லத் திரும்பிக் கிட்டார்காரரை ஒரு பார்வை பார்த்தார்.

தொலைந்தேன் என்று நினைத்தார் கிட்டார்காரர். அப்போது ஆட ஆரம்பித்த அவருடைய வலது கால் பிறகு நிற்கவேயில்லை.

மச்சான் படியேறி வந்து, "மாப்ளே, அப்புறம் உங்ககூட கொஞ்சம் பேசணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் புல்லாங்குழலை எடுத்தார். மாஸ்டர் தலையசைத்தார். பாட்டு ஆரம்பித்தது.

இரண்டு வரி போயிருக்கும். ஆடிய கால் துண்டின் மேல் பட்டது.

காதுக்குள் கிட்டார் செத்து, புல்லாங்குழல் எழுந்தது. அதுவும் மச்சான் தன்னுடைய இடத்தை வாசிக்கும் அதே நேரத்தில், அதற்குக் குறுக்கே, குரங்குக் கையில் கொடுத்த விசில் மாதிரி. கிட்டார்காரர் பதறிப்போய் அணைப்பதற்காக இன்னொரு தடவை மிதித்தார். துண்டுக்கடியில் எந்தப் பட்டன் எங்கே என்று யார் கண்டது? வயலின் வந்தது. மறுபடியும் மிதித்தார். டிரம்பெட். சோகமான பாட்டு அது. அதன் உருக்கமான இடத்தில் டிரம்பெட் முழங்கியது. வாசிப்பதை நிறுத்தினால் மேனேஜர் கவனித்துவிடுவார், வாசித்தால் ஊரே கவனிக்கும். கடைசி மிதிக்கு அந்தக் கூட்டமே எழுந்து 'ஆ' என்று பாடியது. கிட்டார்காரரும் கிட்டத்தட்ட அந்த நிலையில்தான் இருந்தார்.

கண்ணை இறுக்க மூடிக்கொண்டு பாட்டை முடித்தார். செருப்பு வரும், அல்லது தட்டாவது வரும் என்று காத்திருந்தார்.

கைதட்டல் வந்தது.

கண்ணைத் திறந்தார். மாஸ்டர் புன்னகைத்துக்கொண்டிருந்தார். மேனேஜர் எழுந்து நின்று தட்டினார். மச்சான் இவரைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார். கிட்டார்காரருக்குத் திட்டியிருந்தால்கூட இவ்வளவு பயம் வந்திருக்காது. அடுத்த பாட்டுகளிலும் பெட்டி அவர் பேச்சைக் கேட்கவில்லை. அடுத்த பாட்டுகளுக்கும் கைதட்டல்தான்.

இடைவேளையில் மனைவி ஓடி வந்தாள். "அண்ணன்கிட்ட பேசிட்டேங்க. 'கோபமே இல்ல, நான் உங்க வீட்டுக்கு வரவே இல்ல'ன்னு சாதிக்கிறான். எவ்வளவு பெரிய மனசு பாருங்க! என் மனசு நோகக்கூடாதுன்னு எப்படி மறைக்கிறான்!"

"சட்டை?"

"வாங்கிக்கிட்டான். ஆமா, நீங்க இவ்வளவு நல்லா வாசிப்பீங்கன்னு எனக்குத் தெரியாமப் போச்சே. கிட்டார் அப்படியே தனியாத் தெரிஞ்சுது போங்க."

மச்சான் வந்தார். கிட்டார்காரர் ஓரடி பின்வாங்கினார்.

"மாப்ளே, உங்ககூடப் பேசணும்னு சொன்னேனே. தங்கச்சிக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? நான் வந்தேங்கறா, டீ குடிச்சேங்கறா, கோபமாப் போனேங்கறா. கொஞ்சம் பார்த்துக்கோங்க." குரலைத் தாழ்த்தினார். "நான் ஒண்ணும் எதிர்த்துப் பேசல. சட்டையும் நல்லாத்தான் இருக்கு. அப்புறம், இன்னிக்கு உங்க கிட்டார் அட்டகாசம்!"

கிண்டல் என்று நினைத்தார் கிட்டார்காரர். ஆனால் மச்சான் முகத்தில் கிண்டல் இல்லை.

கடைசியாக மாஸ்டர் வந்து தோளில் கை போட்டார். "மேனேஜர் யாரையும் குறைக்க வேண்டாம்னுட்டாரு. முக்கியமா அந்தக் கிட்டார்ல கை வைக்கவே கூடாதாம். அசந்து போயிட்டாரு மனுஷன்."

கிட்டார்காரருக்கு இப்போதுதான் உண்மையான பயம் பிடித்தது. பெட்டி ஜெயித்துவிட்டது! டிரம்பெட்டும் 'ஆ'வும் கேட்டுத்தான் மேனேஜர் மயங்கியிருக்கிறார். மச்சானுக்கு அது கிட்டாரிலிருந்து வந்தது என்று இன்று பிடிபடவில்லை. நாளைக்குப் பிடிபடும். பிறகு அந்தச் சட்டை தன் வீட்டுக்குள் திரும்பி வரும், மச்சான் வரமாட்டார். மனைவி அதற்கப்புறம் தன்னோடு பேசுவாளா? பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாலோ, அடுத்த வாரம் மேனேஜர், 'எங்கே அந்தச் சத்தம்?' என்று கேட்பார்.

இதில் யோசனை சொல்லக்கூடியவர் ஒரே ஆள்தான். வெளியே கூடத்தில் என்ன கேட்டது என்று சரியாகத் தெரிந்தவர். கிட்டார்காரர் பெட்டியைத் துண்டோடு அணைத்துக்கொண்டு கூடத்தின் கோடிக்குப் போனார். சவுண்டுக்காரர் மேசையில் சாய்ந்தபடி பல் குத்திக்கொண்டிருந்தார்.

"உங்ககிட்ட மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல" என்று கிட்டார்காரர் துண்டை விலக்கினார். "இன்னிக்கு முழுக்க இதுலதான் வாசிச்சேன். புல்லாங்குழல், வயலின், டிரம்பெட் எல்லாம் நான்தான். என் பிழைப்பே இதுல இருக்கு, என் குடும்பமும் இதுல இருக்கு. நீங்களே சொல்லுங்க, இந்தப் பெட்டியை நான் சேர்த்துக்கலாமா, வேண்டாமா?"

சவுண்டுக்காரர் பெட்டியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடியும் பல் குத்தினார்.

"தாராளமா சேர்த்துக்கோங்க சார், யாருக்கு என்ன தொந்தரவு? மாஸ்டர் புதுக் கீபோர்டு வாங்கி, கிட்டாரையும் அதுலயே வாசிக்க ஆரம்பிச்சதிலேர்ந்து, உங்க கிட்டார் உங்க காதுக்கு மட்டும்தானே போகுது!"