பவியின் சட்டையைத் திருடியது நான்தான்

நல்லது செய்யப் போகிறவன் அதை முன்கூட்டிச் சொல்லிவிட்டுச் செய்யவேண்டும். சொல்லாமல் செய்து, கோயில் வாசலில் அக்காவிடம் அடி வாங்கியவன் என்பதால் இதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. வாகனத்தில் போகும் குழந்தைகளின் பாதுகாப்பைப் பற்றிக் கண்டியில் ஒரு சங்கம் வகுப்பு நடத்தியது. மூன்று சனிக்கிழமை போனேன். நாலாவது சனிக்கிழமைக்குள் இலங்கைக் குழந்தைகள் அத்தனை பேரும் என் பொறுப்பு என்று முடிவுகட்டிவிட்டேன் (அவர்களிடம் யாரும் கேட்கவில்லை).

முதல் பொறுப்பு அக்கா மகள் பவி. மூன்று வயது. கெலிஓயாவில் கடை வைத்திருந்த மச்சான் புது வேன் எடுத்திருந்தார். பவியை அக்கா மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் போவதாக ஏற்பாடு. பிள்ளைக்குத் தனி சீட் வேண்டும், பெல்ட் போடவேண்டும் என்றேன்.

"நான் என்ன பிளேனா ஓட்டப் போறேன்? பெத்தவ மடியவிடப் பத்திரமான எடம் எங்கடா இருக்கு?" என்றார் மச்சான்.

சரி, வாயால் சொன்னால் ஏறாது, செய்து காட்டுவோம் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை வேனுக்குக் கோயிலில் பூசை. அங்கேயே எல்லோர் முன்னாலும் சீட்டைத் திறந்து காட்டி அசத்துவது என் திட்டம். சீட்டை நானே வாங்கினேன். அதில் உட்காரவைத்துக் காட்ட ஒரு பொம்மையைச் சங்கம் இரவல் தந்தது.

பிள்ளையின் அளவுக்கு ஏற்றபடி பொம்மை இருக்கவேண்டும் என்பது வகுப்பில் படித்த பாடம். ஆகவே பவி தூங்கும்போது உச்சி முதல் கால்வரை நூலால் அளந்தேன். கொடியில் காய்ந்த அவளுடைய பழைய சட்டையை எடுத்துப் பைக்குள் வைத்தேன். அக்காவிடம் பிறந்த தேதியும், எத்தனை கிலோ என்றும் கேட்டேன்.

"எதுக்குடா?"

"சும்மாதான்க்கா."

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஆனால் சட்டை காணாமல் போனதற்கு அவள் சந்தேகப்பட்டது பக்கத்து வீட்டு ரஞ்சிதத்தை. "அவ கண்ணு புள்ளை மேலயேதான் இருக்கு. சட்டையை எடுத்து என்னமோ செய்யப் போறா" என்றாள். இரண்டு நாளாக ரஞ்சிதத்தோடு பேச்சில்லை. பவியை முற்றத்துக்குக்கூட விடவில்லை. நான் வாயே திறக்கவில்லை. இன்ப அதிர்ச்சி கெட்டுவிடுமாம்!

வெள்ளிக்கிழமை காலை கோயில் வாசலில் யாரும் பார்க்காதபோது வேனின் பின் சீட்டில் எல்லாவற்றையும் பொருத்தினேன். மணல் நிரப்பிய பொம்மை. பவியின் சட்டை. நெஞ்சில் ஊசியால் குத்திய துண்டுக் காகிதத்தில் பெயர், பிறந்த தேதி, நிறை. விபத்தில் அடிபடும் இடங்களைக் காட்டச் சிவப்புப் பேனா கிடைக்காததால் தலையிலும் கழுத்திலும் குங்குமம் வைத்தேன். பெல்ட்டால் இறுக்கிக் கட்டி, வெள்ளைத் துணியால் மூடினேன்.

நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. பூசைத் தட்டை உள்ளே வைக்கக் கதவைத் திறந்த அக்கா துணியை இழுத்தாள்.

அந்த அலறல் கம்பளைவரை கேட்டிருக்கும்.

"ஐயோ, எம் புள்ளை சட்டை! கட்டிப் போட்டு ஊசி குத்தி வச்சிருக்காங்களே!"

கூட்டம் சேர்ந்தது. தெருவில் போன ஆட்டோக்காரர் எட்டிப்பார்த்து, "ஹூனியமக்த?" என்று சூனியமா எனச் சிங்களத்தில் விசாரித்துவிட்டு, வண்டியைத் தள்ளி நிறுத்தினார். அக்கா நேரே ரஞ்சிதத்தின் பக்கம் திரும்பினாள். பவிக்காக அர்ச்சனைத் தட்டோடு வந்திருந்த அந்தப் பெண் வெலவெலத்துப் போனாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது.

"அவங்க இல்லக்கா. நான்தான் வச்சேன்."

"எங்க மேல என்னடா கோவம் ஒனக்கு?" என்றார் மச்சான்.

பயத்தில் வகுப்பில் மனப்பாடம் செய்ததுதான் வாயில் வந்தது. "மச்சான், வண்டி மோதிச்சின்னா பவி முன்கண்ணாடியை ஒடைச்சிக்கிட்டு..."

அக்காவின் கை என் வாயிலேயே விழுந்தது. பூசை நேரத்தில், புது வேனுக்கு முன்னால்!

முழுக்கதையையும் கேட்ட கோயில் ஐயர் சிரிக்கவில்லை. பொம்மையை மகாவலியில் விடச் சொன்னார். சீட்டுக்குத் தீர்த்தம் தெளித்து, தனியாக ஒரு பூசணிக்காய் உடைத்தார். (மணல் பொம்மை உடனே முழுகியது. சங்கத்துக்கு, "பொம்மை ஆற்றில் விடப்பட்டது" என்று கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை.) ரஞ்சிதத்திடம் அக்காவும் நானும் சேர்ந்தே மன்னிப்புக் கேட்டோம்.

பிறகு அக்கா ஒரு தீர்ப்புச் சொன்னாள். "இந்த வேன்ல தனியா பூசணிக்காய் ஒடைச்சிக் கழிப்புக் கழிச்சது இந்த சீட்டு ஒண்ணுக்குத்தான். இனிமே எம் புள்ளை இதுல மட்டுந்தான் உக்காருவா." மச்சான் சீட்டின் பெல்ட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வேனை எடுத்தார்.

இரண்டு மாதம் கழித்துப் பிலிமத்தலாவையில் ஒரு மாடு குறுக்கே வர, மச்சான் பிரேக்கை மிதித்தார். அக்காவின் நெற்றி புடைத்தது. பின்னால் பவி கையிலிருந்த பிஸ்கட்டைக்கூட விடவில்லை. அன்று நான் அழுதேன். அக்கா பூசணிக்காய்க்கு நன்றி சொன்னாள்.

போன மாதம் பவிக்குப் பெண் குழந்தை பிறந்தது. வீட்டுக்கு அழைத்துப் போக, காரில் புது சீட்டைப் பவியே பொருத்திவைத்திருந்தாள். சந்தோஷத்தில் வாய் தவறி, "புள்ளை எத்தனை கிலோ?" என்று கேட்டுவிட்டேன்.

அக்கா குழந்தையின் சட்டைகள் இருந்த பையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.