மைட்டோகாண்ட்ரியாவை நிறுத்திய பிளக்

படித்தவர்கள் செய்யும் முட்டாள்தனத்துக்கு ஒரு தனி மரியாதை உண்டு. மற்றவர்கள் தப்புச் செய்தால் மறைப்பார்கள். நாங்கள் அதைப் படம்பிடித்து, மைக்கைப் பிடித்து, ஏசி அரங்கில் ஐம்பது பேருக்குப் போட்டுக் காட்டுவோம். நான் காட்டியது மாமல்லபுரத்தில், கடலைப் பார்த்த ஒரு ஓட்டலில். கடைசி வரிசையில் என் அப்பா உட்கார்ந்திருந்தார்.

அப்பாவை நாங்கள் நைனா என்போம். படாளத்திலிருந்து உள்ளே தள்ளி எங்களுக்குக் கொஞ்சம் நெல் வயல். முதுகில் ஸ்பிரேயரை மாட்டிக்கொண்டு, கையுறை, செருப்பு எதுவும் இல்லாமல் வருஷக்கணக்காக மருந்தடிப்பவர். நான் கூடுவாஞ்சேரிப் பக்கம் நரம்பு செல்களில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தின் முதல் ஆராய்ச்சியாளர். (அதற்கு முன் எங்கள் வீட்டில் நடந்த ஒரே ஆராய்ச்சி, மோட்டார் ஏன் தண்ணீர் இழுக்கவில்லை என்பது.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது நைனா சொன்னார்: "பாப்பா, கால் கட்டவெரலு மரத்துப் போவுது. மண்ணு மேல நடந்தா பஞ்சு மேல நடக்கறாப்ல கீது. நீ நரம்புதான படிக்கிற, இன்னான்னு பாத்துச் சொல்லு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று வருஷத்தில் என் படிப்பைப் பற்றி வீட்டில் வந்த முதல் கேள்வி அது. "டாக்டர்கிட்ட போலாம் வா" என்று சொல்ல வேண்டிய வாய், "நான் பாத்துச் சொல்றேன்" என்றது. இன்று நினைத்தாலும் அந்த வாயில் ஒரு போடு போடலாம்போல இருக்கிறது.

உடனே வகுப்பெடுத்தேன். "உன் இடுப்புக்கிட்ட ஒரு நரம்பு செல் கீது நைனா. அதோட வாலு கட்டவெரல் வரைக்கும் போவுது. மூணடிக்கும் மேல."

"ஒரே செல்லா?" சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"ஒரே செல்லு. அவ்ளோ தூரத்துக்கும் சக்தி வேணும்ல? அதுக்குத்தான் மைட்டோகாண்ட்ரியா. குட்டிக் குட்டி பவர்ஹவுஸ். முக்கால்வாசி மேலேர்ந்துதான் கெளம்பி வரணும். வாலுக்குள்ள தண்டவாளம் மாதிரி போட்டுக்கீது. அதும் மேல ரெண்டு கால் வச்ச ஒரு புரதம் இதை இழுத்துக்கினு நடக்கும்."

"கட்டவெரலுக்கு எப்ப வந்து சேரும்?"

"நிக்காம வந்தாலே பத்துப் பன்னெண்டு நாளாவும். ஆனா நிக்கும். திடீர்னு கெளம்பும். பாதி வழியில திரும்பியும் பூடும்."

"ஷேர் ஆட்டோன்னு சொல்லு" என்றார் நைனா.

அதைவிடச் சரியாக எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை. நுண்ணோக்கியில் பார்த்தால் அப்படியேதான். கறுப்புத் திரையில் பச்சைப் புள்ளிகள். ஒன்று பத்து நிமிஷம் சும்மா நிற்கும், பிறகு யாரோ கூப்பிட்ட மாதிரி ஓடும். வேலை அதிகமாக நடக்கும் இடம் வந்தால் சில அங்கேயே டேரா போட்டுவிடும். தேய்ந்துபோனவை பழுதுபார்க்கத் திரும்பும். ஏன் இது நிற்கிறது, ஏன் அது ஓடுகிறது என்பதில் பாதி இன்னும் யாருக்கும் முழுசாகப் பிடிபடவில்லை. நான் சோற்றை மறந்து பார்த்த நாட்கள் உண்டு. இந்தப் போக்குவரத்து கெட்டால் முதலில் காய்வது கடைசி ஸ்டாப், அதாவது கால்விரல். அதனால்தான் எனக்கு நைனாவின் கட்டைவிரல்மேல் அவ்வளவு ஆசை வந்தது.

குற்றவாளி யார் என்று நான் ஏற்கெனவே முடிவு செய்திருந்தேன். நைனா அடிக்கும் பூச்சிமருந்து. கோழிக்குஞ்சின் நரம்பு செல்களை ஒரு தட்டில் வளர்த்து, நுண்ணோக்கியில் வைத்தேன். புள்ளிகள் ஓடின. மருந்தைத் துளி விட்டேன். அரை மணிநேரத்தில் ஒவ்வொன்றாக நின்றுவிட்டன.

இந்த அற்புதத்தை நைனா நேரில் பார்க்க வேண்டாமா? வீடியோ காலில் கூப்பிட்டு, போனைத் திரைக்கு நேராகப் பிடித்தேன்.

"அல்லாம் நின்னுக்கினு கீதே பாப்பா" என்றார். குரல் இறங்கிவிட்டது.

"உன் மருந்துதான் நைனா. கண்ணால பாத்துட்ட இல்ல?"

அன்றே ஸ்பிரேயர் பரண் ஏறியது. நைனா எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். டீக்கடையில் நின்று, தன் மகள் நரம்புக்குள்ளே பார்த்துவிட்டதாக ஊருக்கே சொன்னார். அதை நம்பி இன்னும் நாலு பேர் மருந்தை நிறுத்தினார்கள். பத்தே நாளில் இலைச்சுருட்டுப் புழு எங்களுடையதையும் சேர்த்து அஞ்சு வயலிலும் விருந்து வைத்துக்கொண்டது. "ஒங்க பொண்ணு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அவர்கள் நைனாவைப் பார்த்த பார்வையில் பாதி மரியாதை, பாதி கொலைவெறி.

ஆகவே மாமல்லபுரம் கருத்தரங்குக்கு நைனாவும் வந்தார், வெள்ளை வேட்டியில், மரத்துப்போன காலோடு. ஊருக்குத் திரும்பும்போது அந்த நாலு பேருக்கும் சொல்ல அவருக்கு ஒரு பதில் வேண்டும்.

படத்தை ஓட்டினேன். மருந்துக்கு முன் ஓட்டம், மருந்துக்குப் பின் நிறுத்தம். முன்வரிசையில் ஒரு அம்மா கையைத் தூக்கினார். "மருந்து விடாத தட்டையும் அன்னிக்கே படம் எடுத்தீங்களா?"

"எடுத்தேன் மேடம்" என்றேன் பெருமையாக. உண்மைதான், எடுத்தேன். தானாகப் பதிவாகட்டும் என்று விட்டுவிட்டு கேன்டீனுக்கு வெற்றி வடை சாப்பிடப் போனேன். பிறகு அதைத் திறந்து பார்க்கவில்லை. தெரிந்த முடிவை எதற்குப் பார்ப்பது?

அரங்கில் திறந்தேன். மருந்தின் வாசனைகூடப் படாத அந்தத் தட்டிலும் எல்லாப் புள்ளிகளும் நின்றுகொண்டிருந்தன. நான் மானிட்டரைத் தட்டினேன். (ஏன் தட்டினேன் என்று கேட்காதீர்கள்.)

"படத்தோட ஓரத்துல வெப்பநிலை பாருங்கம்மா" என்றார் அவர், மெதுவாக. முப்பத்தேழு டிகிரி இருக்க வேண்டிய இடத்தில் இருபத்திரண்டு.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்த அறையில் ஏசி எப்போதும் ஓடும். செல்களைக் கதகதப்பாக வைக்க நுண்ணோக்கியில் ஒரு சின்ன ஹீட்டர் உண்டு. அன்றைக்கு என் போனில் சார்ஜ் இல்லை. நைனாவை வீடியோவில் கூப்பிட வேண்டுமே என்று, மருந்து விட்ட கையோடு ஹீட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு சார்ஜரை மாட்டினேன். அதைத் திரும்ப மாட்டவேயில்லை; அடுத்த தட்டும் அதே குளிரில்தான் பதிவானது. குளிரில் அந்த இழுக்கிற புரதங்களின் நடை நின்ற மாதிரியே ஆகிவிடும். முதல் வருஷ மாணவருக்கே தெரிந்த பாடம் அது.

"ஹீட்டர் பிளக்கில் போன் சார்ஜ் போட்டேன்" என்று மைக்கில் சொன்னேன். ஐம்பது பேர் சிரித்தார்கள். நைனா சிரிக்கவில்லை.

வெளியே கடற்காற்றில் நின்று கேட்டார்: "அப்ப எங்காலு?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "தெரியல நைனா. எனக்கு ஒண்ணும் தெரியல." ஆராய்ச்சியில் சேர்ந்தபின் நான் சொன்ன முதல் நேர்மையான முடிவு அதுதான்.

மறுநாள் செங்கல்பட்டில் டாக்டரிடம் கூட்டிப்போனேன். ரத்தத்தைப் பார்த்துவிட்டு, சர்க்கரை எகிறிக் கிடக்கிறது, எத்தனை வருஷமாகவோ தெரியாது என்றார். சர்க்கரை இருப்பவர்களின் நீளமான நரம்புகளில் மைட்டோகாண்ட்ரியாவும் சேர்ந்து தடுமாறுவதாக நான் எத்தனையோ கட்டுரைகளில் படித்து அடிக்கோடு போட்டிருக்கிறேன். நைனா தினம் மூன்று டம்ளர் சர்க்கரைத் தண்ணீராக டீ குடிப்பதை அதே கண்ணால்தான் பார்த்துக்கொண்டும் இருந்தேன்.

ஹீட்டரை மாட்டி அந்தச் சோதனையைத் திரும்பச் செய்தேன். ஒரு தட்டில் கொஞ்சம் வேகம் குறைந்த மாதிரி இருந்தது, இன்னொன்றில் இல்லை. மருந்து நல்லதென்று ஆகிவிடாது, எனக்குத் தெரியாது என்றுதான் ஆகும். அதை டீக்கடையில் நானே போய்ச் சொன்னேன். நைனா இப்போது கையுறையும் பூட்சும் போட்டுத்தான் மருந்தடிக்கிறார்.

ஊரில் கரண்ட் போனால் "பாப்பா போன் சார்ஜ் போடுது" என்பார்கள். என் கல்யாணத்தில் மைக் கரகரத்தபோது மாப்பிள்ளை வீட்டாருக்கும் இந்தக் கதை சொல்லப்பட்டது.

தினமும் சாயங்காலம் நைனா ஏரிக்கரையில் நடந்துவிட்டு எனக்குப் போன் செய்வார். "போன வாரம் கெளம்பினது எதுவரைக்கும் வந்திருக்கும் பாப்பா?"

"முட்டிய தாண்டி வந்துகினு கீது நைனா."

"நல்லா பாத்தியா? பிளக்கு மாட்டிக்கீதா?"