சனிக்கோளில் ஒரு சாவி, நான்காம் மாடியில் ஒரு கூட்டம்

மனிதகுலத்தை மேலே உயர்த்த ஞானிகள் முயன்றிருக்கிறார்கள், புரட்சியாளர்கள் முயன்றிருக்கிறார்கள், பள்ளிக்கூடங்களும் தம்மாலானதைச் செய்து பார்த்திருக்கின்றன. ஆனால் பொத்தானை அழுத்திய உடனே உயர்த்திக் காட்டியது லிஃப்ட் நிறுவனம் ஒன்றுதான். அத்தகைய நிறுவனத்தில் துணை மேலாளராக இருப்பது எவ்வளவு பெரிய பேறு! அது அந்தத் துணை மேலாளருக்கு மட்டும் உறைக்கவில்லை. அவருக்கு அறை கிடையாது, அதுதான் காரணம்.

நான்காம் மாடி நடையில், ஜெராக்ஸ் இயந்திரத்துக்கும் கழிவறைக் கதவுக்கும் நடுவே அவருடைய மேஜை கிடந்தது. உள்ளே போகிறவர்கள் காபிக் கோப்பையை அதன்மேல் வைத்துவிட்டுப் போவார்கள். வெளியே வருகிறவர்கள் கை ஈரத்தை அதன்மேல் உதறிவிட்டு வருவார்கள்.

"எனக்குப் பெருசா ஆசை எதுவும் இல்லை," என்று அவர் மனைவியிடம் சொல்வார். "கதவுன்னு ஒண்ணு இருக்கிற ரூம். வர்றவன் தட்டிட்டு வரணும். அவ்வளவுதான்."

"அதுக்கு நம்ம பாத்ரூமே போதுமேங்க," என்பாள் அந்த அம்மாள்.

இந்தச் சமயத்தில்தான் நிறுவனத்தில் 'எதிர்காலப் பிரிவு' என்று ஒன்று உதயமாயிற்று. அதற்கு ஒரு தலைவர் வேண்டும். தலைவருக்கு ஒரு தனி அறை உண்டு. தலைவரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு புதிதாக வந்திருந்த எச்.ஆர். மேடத்திடம் விடப்பட்டது. படிப்பு, அனுபவம் போன்ற பழைய குப்பைகளை அவர் ஒரே மூச்சில் ஒதுக்கித் தள்ளினார்.

"ஒருத்தருக்கு எந்த சயின்ஸ் ஃபிக்‌ஷன் படம் பிடிக்கும், எது பிடிக்காது, இந்த ரெண்டும் போதும் எனக்கு," என்றார். "பிடிச்ச படம் உங்க மனசைக் காட்டும். பிடிக்காத படம் உங்க முதுகெலும்பைக் காட்டும்."

யாருக்கும் புரியவில்லை. ஆகவே இது மிக ஆழமான கருத்து என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

எதிர்காலத்துக்குத் துணை மேலாளர் ஏற்கெனவே செய்திருந்த தொண்டை இங்கே குறிப்பிடாமல் விட்டால் பாவம். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு போன் செய்கிறவர்களோடு பேசுவதற்கென்று புகார் அறையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். "பயப்படாதீங்க, ஆள் வந்துக்கிட்டே இருக்கார்" என்று அவர்கள் நாள் முழுவதும் மனிதர்களைப் போலவே பேசிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பிற்போக்குத்தனத்தை ஒழித்து, அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் ஒரு 'தானியங்கிக் குரலை' அமர்த்தியவர் நம் துணை மேலாளர்தான். குரலுக்கு வெளியில் ஆள் தேடவில்லை. வெளிச்சத்தம் விழாதபடி மனைவியைப் போர்வைக்குள் உட்காரவைத்துப் பதிவு செய்துகொண்டார்.

காலியான புகார் அறை 'எதிர்கால அரங்கம்' ஆயிற்று. ஜன்னல்களுக்குக் கறுப்புத் திரை, கூரையில் நீல பல்பு, சுவரெல்லாம் வெள்ளிக் காகிதம். அலுவலக லிஃப்டோடு இணைந்த பழைய பேச்சுப்பெட்டி ஒன்று சுவரில் இருந்தது. உள்ளே மாட்டிக்கொண்டவர் பொத்தானை அழுத்தினால் இங்கே மணி அடிக்கும். அவர் பேசுவது இங்கே கேட்கும், இங்கே பேசுவது அவருக்குக் கேட்கும். அதைக் கழற்ற யாருக்கும் நேரமில்லை. அதன்மேலும் ஒரு வெள்ளிக் காகிதத்தை ஒட்டினார்கள். அந்தக் கணமே அது விண்கலத்தின் உதிரிபாகம் ஆகிவிட்டது. அது என்னவென்பதும் எல்லோருக்கும் மறந்துபோயிற்று.

துணை மேலாளருக்கு இருந்த சங்கடம் ஒன்றே ஒன்று. படத்தில் விண்கலம் கிளம்பியதும் அவருக்குத் தூக்கம் வந்துவிடும். மனைவியோ அந்த வகைப் படங்களில் ஒன்றைக்கூட விடாதவள். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவரை சோபாவில் உட்காரவைத்துப் பாடம் எடுத்தாள்.

"உங்க எம்.டி.க்கு எது பிடிக்கும்? அதைச் சொல்லுங்க முதல்ல."

"சனிக்கோளில் ஒரு சாவி."

"அடக் கடவுளே! படம் முழுக்க ஒருத்தன் ஒரு இரும்புப் பெட்டிக்குள்ள தனியா மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பானே, அதுவா?"

"அதேதான். 'மாட்டிக்கொண்டவன்தான் தன்னை அறிகிறான்'னு ஒவ்வொரு மீட்டிங்லயும் சொல்லுவார். கண்ணுல தண்ணி வந்துரும் அவருக்கு."

"சரி, அதுதான் உங்களுக்கும் பிடிச்ச படம். அவருக்குப் பிடிக்காதது?"

துணை மேலாளர் தலையைக் குனிந்துகொண்டார். "செவ்வாயிலிருந்து வந்த சித்தப்பா."

துணை மேலாளர் வாழ்நாளில் தூங்காமல் பார்த்த ஒரே விஞ்ஞானப் படம் அதுதான். பச்சை நிறச் சித்தப்பா எல்லோர் துணியையும் மடித்து வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் செவ்வாய்க்குத் திரும்பும் காட்சியில், தியேட்டரே திரும்பிப் பார்க்கும்படி அவர் விக்கி விக்கி அழுதிருந்தார்.

"அதைப் போய் பிடிக்கலைன்னு சொல்லப்போறீங்களா?"

"ரூம் வேணும்ல?" என்றார் அவர்.

எதிர்கால அரங்கத்தில் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் கூட்ட நாள் வந்தது. வாசலில் ஒரு கூடையை வைத்து எல்லோருடைய போன்களையும் எச்.ஆர். மேடம் அதில் போடச் சொன்னார். "எதிர்காலத்தைப் பத்திப் பேசும்போது நிகழ்காலம் குறுக்க வரக்கூடாது." தலைமை மெக்கானிக் தம் சாவிக்கொத்தையும் சேர்த்துப் போட்டார், அது கிலுகிலுத்து சூழ்நிலையைக் கெடுக்கிறதாம்.

விளக்குகள் அணைந்தன. நீல பல்பு எரிந்தது. எங்கிருந்தோ 'உய்ய்ங்' என்று விண்வெளிச் சத்தம் வந்தது.

"இன்னிக்கு நிறைய சர்ப்ரைஸ் இருக்கு," என்றார் மேடம். "எம்.டி. சார் எப்ப வருவார், எப்படி வருவார்னு எனக்கே தெரியாது. வித்தியாசமான என்ட்ரி கொடுக்கப்போறேன்னு மட்டும் சொன்னார். ஆரம்பிக்கலாமா?"

முதலில் கணக்காளர் எழுந்தார். "எனக்குப் பிடிச்ச படம் சனிக்கோளில் ஒரு சாவி. பிடிக்காத படம் செவ்வாயிலிருந்து வந்த சித்தப்பா."

அடுத்து விற்பனை அதிகாரி. "சாவி பிடிக்கும். சித்தப்பா பிடிக்காது."

தலைமை மெக்கானிக்: "எனக்கும் அதேதாங்க. ரெண்டுல எது எதுன்னுதான் அப்பப்ப மாறிப்போயிருது."

தனித்தன்மை இப்படிப் பொங்கி வழிந்துகொண்டிருந்தபோது சுவரில் 'ட்ர்ர்ர்ரிங்' என்று மணி அடித்தது. எல்லோரும் சிலிர்த்தார்கள்.

"அடடா, நம்ம லிஃப்ட் மணி மாதிரியே இருக்கே!" என்றார் கணக்காளர்.

எல்லோரும் மெக்கானிக்கைப் பார்த்தார்கள். நிபுணர் என்று ஒருவர் இருக்கும்போது ஊகம் எதற்கு?

"நம்ம மணி எங்க சார் அடிக்குது?" என்று அவர் சிரித்தார். "அந்த ரெண்டு பொண்ணுங்க போனதிலிருந்து அது அடிச்சு ஒருத்தரும் கேட்டதில்லை. இது சினிமா மணி."

மணி நின்றது. கரகரவென்று ஓர் ஆண்குரல் வந்தது. "ஹலோ... யாராவது இருக்கீங்களா? லிஃப்ட் நின்னுபோச்சு..." அதையடுத்து, போனிலிருந்து வருவது போல ஒரு பெண்குரல்: "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம். நீங்கள் லிஃப்டுக்கு வெளியே இருந்தால் எண் ஒன்றை அழுத்தவும். உள்ளே இருந்தால் எண் இரண்டை அழுத்தவும்."

துணை மேலாளரின் நெஞ்சு விம்மியது. அது அவர் மனைவியின் குரல்! மேடம் நம் கண்டுபிடிப்பையே நாடகமாக்கியிருக்கிறார்! அப்படியானால் அறை நமக்குத்தான்! மேடமோ இது துணை மேலாளரின் ஏற்பாடு என்று நினைத்து அவரைப் பார்த்துப் புன்னகைத்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்து மெச்சித் தலையாட்டிக்கொண்டார்கள்.

'டுக்' என்று ஓர் எண் அழுத்தப்படும் சத்தம். பெண்குரல் தொடர்ந்தது: "நன்றி. தயவுசெய்து லிஃப்டை விட்டு வெளியே வந்து, மீண்டும் அழைக்கவும்."

அரங்கம் குலுங்கிச் சிரித்தது.

"டேய்! சிரிக்கிறீங்களாடா? கதவைத் திறங்கடா! மூச்சு முட்டுது!" என்றது பெட்டி.

"துணை மேலாளர் சார், உங்க கருத்து?" என்றார் மேடம்.

வாய்ப்பு என்பது கதவைத் தட்டித்தான் வரும் என்பதில்லை, கதவைத் திறக்கச் சொல்லிக் கத்திக்கொண்டும் வரும். துணை மேலாளர் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"பெண் குரல் பிரமாதம். ஒரு கண்டிப்பு இருக்கு, ஒரு கருணை இருக்கு. ஆனா மாட்டிக்கிட்டவரா நடிச்சிருக்கிறவர் சரியில்லைங்க. மூச்சு முட்டுறவன் இவ்வளவு சத்தமாவா கத்துவான்? நம்புற மாதிரியே இல்லை. சனிக்கோள்ல அந்த மனுஷன் எவ்வளவு அமைதியா உட்கார்ந்திருப்பார்! உண்மையைச் சொல்லணும்னா, எனக்குப் பிடிக்காத படம் இனிமே சித்தப்பா இல்லை, இதுதான்."

பலத்த கைதட்டல். அது அடங்கிய பிறகு கணக்காளர் அவர் காதருகே குனிந்தார்.

"சார்... அந்தக் குரல் நம்ம எம்.டி. குரல் மாதிரி இல்லை?"

துணை மேலாளருக்கு முதுகெலும்பு இருக்கும் இடம் அப்போதுதான் தெரிந்தது, அங்கேதான் வியர்த்தது. வித்தியாசமான என்ட்ரி! எம்.டி.யே நடித்திருக்கிறார்!

"ஆனா," என்று அவர் உட்காராமலே குரலை உயர்த்தினார், "ஆனா, இதெல்லாம் மேலோட்டமா பார்க்கிறவன் சொல்றது! கொஞ்சம் ஆழ்ந்து கேளுங்க. அந்தக் கதறல்ல ஒரு மனிதகுலமே கதறலையா?"

"அய்யோ, யாராவது வாங்கடா!" என்றது பெட்டி.

"ஆஹா!" என்றார் துணை மேலாளர். "ஒன்ஸ் மோர்!"

செய்தி காதுக்குக் காது பரவியது. அரங்கமே எழுந்து நின்றது. எம்.டி. கத்தினார், கைதட்டினார்கள். எம்.டி. கதவை உதைத்தார், விசிலடித்தார்கள். எம்.டி. அழுதார், விற்பனை அதிகாரி கைக்குட்டையை எடுத்துக் கண்களை ஒற்றிக்கொண்டு, "இதை நடிப்புன்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்கமாட்டேன்," என்றார். அன்றைக்கு அந்த அறையில் பேசப்பட்ட ஒரே உண்மை அது.

கதவு படாரென்று திறந்தது. வாட்ச்மேன் மூச்சிரைக்க நின்றார். "எம்.டி. ஐயா லிஃப்டுல மாட்டிக்கிட்டு இருக்கார்!"

"நீங்களுமா!" என்று மேடம் கைதட்டினார். "அந்த மூச்சிரைப்பு இருக்கே, ரொம்ப இயல்பா இருக்கு!"

"என்ன மேடம் இயல்பு? நாலு மாடி ஏறி வந்திருக்கேன்! துணை மேலாளர் வீட்டம்மா கீழ போன் பண்ணினாங்க. உங்க ஐயா உள்ள மாட்டிக்கிட்டு என் வீட்டுக்கு போன் போட்டுக் கத்துறார், போய்ப் பாருங்கன்னு."

மெக்கானிக் கூடையில் பாய்ந்து சாவிக்கொத்தைத் தேடினார்.

எம்.டி. அரங்கத்துக்குள் வந்தபோது டை காதுக்குப் பின்னால் இருந்தது. நீல பல்பு வெளிச்சத்தில் அவர் உண்மையிலேயே வேறு கிரகத்திலிருந்து வந்தவர் போல இருந்தார். யாரும் கைதட்டவில்லை.

"ஒன்ஸ் மோர் கேட்டது யாரு?"

அத்தனை விரல்களும் ஒரே பக்கம் நீண்டன. அந்த அலுவலகத்தில் ஒரு தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது அன்றுதான்.

"பிடிக்காத படம் இதுதான்னு சொன்னதும் நீதானே?"

"அது முதல் பாதி சார்," என்றார் துணை மேலாளர் ஈனக்குரலில். "ரெண்டாம் பாதி ரொம்ப நல்லா வந்திருந்துச்சு."

"யோவ், மேலதிகாரிகிட்ட பேச ஒன்பதை அழுத்துன்னு அந்தக் குரல் சொல்லுது. அழுத்தினேன். திரும்ப அதே குரல். 'ஹலோ, யாருங்க வேணும்?'னு கேக்குது. ஒன்பது, ஒன்பதுன்னு நான் கத்துறேன். 'ராங் நம்பர்'ங்குது! நான் எம்.டி., லிஃப்டுல மாட்டிக்கிட்டேன்னு கத்தினா 'இருங்க'ங்குது! அதை என்னதான்யா பண்றது?"

"என் வீட்டு நம்பரைத்தான் சார் கொடுத்து வெச்சிருந்தேன். அது நிஜமாவே அவதான்." பிறகு, தம்மையறியாமல் சேர்த்துக்கொண்டார்: "அந்தக் குரலோட நான் தினமும் இருக்கேன் சார்."

எம்.டி. வெகுநேரம் அவரை உற்றுப் பார்த்தார். "மாட்டிக்கிட்டவன் பக்கத்துல ஒரு மனுஷன் இருக்கணும்யா," என்றார் கடைசியில்.

"அற்புதம் சார்!" என்று எச்.ஆர். மேடம் முன்னால் வந்தார். "மனிதத் தொடர்பு! உலகமே இப்ப அதைத்தான் பேசுது."

அன்று மாலையே உத்தரவு வந்தது. துணை மேலாளர் நடையில் நின்றபடி மனைவிக்கு போன் செய்தார்.

"தலைவர் பதவி கிடைச்சிருச்சு."

"நிஜமாவா? ரூம்?"

"ரூமும்தான். சுவரெல்லாம் எவர்சில்வர். ஒரு பக்கம் முழுக்க முகம் பார்க்கிற கண்ணாடி. மேல ஃபேன். கதவு தானாவே திறக்கும்."

"தானாவேவா! எந்த மாடிங்க?"

"எல்லா மாடியும்தான்," என்றார்.

இன்றைக்கும் அந்தக் கட்டடத்துக்குப் போனால் எதிர்காலப் பிரிவின் தலைவரைச் சந்திக்கலாம். முன் அனுமதி தேவையில்லை, பொத்தானை அழுத்தினால் போதும். ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். லிஃப்டை யாரும் பழுது பார்க்கவில்லை. கூட்டத்தின் பொருள் சினிமா, லிஃப்ட் அல்ல. ஆனால் இப்போது பயமில்லை. உள்ளே மாட்டிக்கொள்கிறவர்களுடன் நிறுவனத்தின் உயர் அதிகாரி ஒருவரும் கூடவே மாட்டிக்கொள்கிறார். பேச்சுத் துணைக்குச் சினிமா பேசுவார். பிடித்த படம் எது என்று கேட்டால், செவ்வாயிலிருந்து வந்த சித்தப்பா என்று கூச்சமே இல்லாமல் சொல்வார். சனிக்கோளில் ஒரு சாவியைப் பற்றிக் கேட்டுவிட வேண்டாம், வருத்தப்படுவார்.

எம்.டி. விளம்பரங்களில் வழக்கம்போல் சிரிக்கிறார். "மேலே வாருங்கள், எங்களை நம்பி!" என்று அவர் படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. நம்பி வாங்குகிறவர்கள் பெருகிக்கொண்டே போகிறார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் வாங்குகிறார்கள், பள்ளிக்கூடத்துக்காரர்கள் வாங்குகிறார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திட வருகிறவர்களை லிஃப்டில் ஏற்றி அனுப்பிவிட்டு, மேலே போய் அவர்களை வரவேற்பதற்காக எம்.டி. மட்டும் மாடிப்படியில் ஏறுகிறார்.

உடம்புக்கு நல்லதாம். அவர் உடம்புக்கு.