பதினாலாம் தேதி அடுக்கு

"யாரும் பார்க்கலைதான். அதுக்காகத் தெரியாதுன்னு கையை விரிச்சுட முடியுமா?"ன்னாரு லிஃப்ட்காரர். "ஆறரைக் கோடி வருஷத்துக்கு முன்னாடி நடந்த சமாச்சாரம். சாட்சி கிடையாது. ஆனா தடயம் இருக்கு. தடயத்தை வெச்சு யாரு டைனோசரைக் கொன்னதுன்னு நாம கண்டுபிடிக்கப் போறோம்."

கேள்வி கேட்ட சின்னவனுக்கு ஏழு வயசு. பக்கத்துல நோட்டும் கையுமா உட்கார்ந்திருந்த பெரியவளுக்குப் பதினொண்ணு. ஞாயித்துக்கிழமை காலையில அப்பா தரையில சம்மணம் போட்டு உட்கார்ந்து பாடம் நடத்துறது அந்த வீட்டுல இதுதான் முதல் தடவை.

அவரு லிஃப்ட் ரிப்பேர் பண்றவரு. ஊர்ல உள்ளவங்களை எல்லாம் மேலே ஏத்திவிடுறதுதான் தொழில். அவரு மட்டும் பதினஞ்சு வருஷமா ஏறின தளத்துலேயே நிக்கிறாரு. நடுவுல நாலு வருஷம் ராத்திரி வகுப்புக்குப் போயி டிப்ளமா வாங்கினாரு. அந்த நாலு வருஷமும் அவர் சம்சாரம் ஆஸ்பத்திரியில நர்ஸ் வேலையும் பார்த்து, சமைச்சு, ரெண்டு பிள்ளைகளையும் தூங்க வெச்சாங்க. டிப்ளமாவைச் சட்டம் போட்டுக் கூடத்துல மாட்டியிருக்காரு. அதுல ஒரு பேருதான் இருக்கு.

அன்னைக்குக் காலையில அந்தம்மாதான் ஆரம்பிச்சாங்க. "டைனோசர் ஏன் அழிஞ்சுதுன்னு ஆராய்ஞ்சு எழுதிட்டு வரணுமாம். எனக்கு அதெல்லாம் வராது. நீங்க ராத்திரியில கண்ணு முழிச்சுப் படிச்சவரு. நீங்களே சொல்லிக் குடுங்க."

கல்யாணமாகிப் பன்னெண்டு வருஷத்துல 'எனக்கு வராது'ங்கிற வார்த்தை அந்த வாயிலேருந்து வந்ததே இல்லை. ஓடுற லிஃப்ட் புதுசா ஒரு சத்தம் போட்டா உடனே நிறுத்திப் பார்க்கிற மனுஷன், பொண்டாட்டி புதுசா ஒரு சத்தம் போட்டப்போ உள்ளே ஏறி நின்னு கதவைச் சாத்திக்கிட்டாரு.

"எழுதிக்கோ. முதல்ல, யார் மேலெல்லாம் சந்தேகம்னு பட்டியல் போடணும்."

"எரிமலை, வானத்துலேருந்து விழுந்த கல்லு, குளிரு, வியாதி"ன்னு பெரியவ எழுதினா.

"எங்க கிளாஸ் டீச்சர்"ன்னான் சின்னவன்.

"அவங்க அப்போ பிறக்கலைடா."

"அதான் அடுத்த விதி"ன்னாரு அப்பா, உற்சாகமா. "சம்பவம் நடந்தப்போ அந்த இடத்துல யாரு இல்லையோ, அவங்களை அடிச்சுடணும். மிச்சம் இருக்கிறவன்தான் ஆளு. லிஃப்ட் நின்னாலும் நான் இப்படித்தான் பார்ப்பேன். கடைசியா, தேதி. பூமியில பாறை அடுக்கு அடுக்கா இருக்கும். கீழே இருக்கிறது பழசு, மேலே இருக்கிறது புதுசு. ஒரு மெல்லிசான களிமண் அடுக்குக்குக் கீழே டைனோசர் எலும்பு கிடைக்குது. மேலே கிடைக்கலை. அந்தக் களிமண்ணுல இரிடியம்னு ஒரு உலோகம். நம்ம மண்ணுல அது ரொம்ப அபூர்வம், விண்கல்லுல நிறைய. அந்த அடுக்குக்குச் சம்பந்தமில்லாத பொருள் ஒண்ணு அங்கே இருந்தா என்ன அர்த்தம்? வெளியேயிருந்து வந்திருக்கு."

"அடுக்குன்னா எப்படி இருக்கும்? காட்டுங்க"ன்னான் சின்னவன்.

எதைக் காட்டலாம்னு அவரு சுத்திமுத்திப் பார்த்தாரு. அடுக்களையில வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்காம சொன்னாங்க. "உங்க பேப்பர் கட்டு இருக்கே. தேதிவாரியா அடுக்கி வெச்சு, ஒருத்தரையும் தொட விடமாட்டீங்களே."

அவரு சட்டுனு கட்டைத் திரும்பிப் பார்த்தாரு.

போன மாசம் பதினாலாம் தேதி, செவ்வாய்க்கிழமை. முதுகுவலின்னு லீவு போட்டு வீட்டுல இருந்தாரு. தபால்காரர் பதிவுத் தபால் ஒண்ணு கொண்டு வந்தாரு. சம்சாரம் பேருக்கு. பிரிச்சுப் படிச்சாரு. வேற ஊர்ல ஆறு மாசப் பயிற்சிக்கு அந்தம்மாவைத் தேர்ந்தெடுத்திருக்காங்க. தங்குறதுக்கு விடுதி. முடிச்சுட்டு வந்தா ஒரு வார்டுக்கே பொறுப்பு நர்ஸ். மாசக் கடைசிக்குள்ள சம்மதம் சொல்லணும். ரெண்டாவது தடவை படிச்சாரு. அவ ஊருக்குப் போறது ஒரு பயம். திரும்பி வரும்போது தன்னைவிட ஒரு மாடி மேலே இருப்பாளேங்கிறது பெரிய பயம். கிழிச்சுப் போடத் தைரியம் வரலை. அன்னைக்குப் பேப்பருக்குள்ள மடிச்சு வெச்சு, கட்டுமேல போட்டுட்டாரு. தொலைஞ்சு போனதுக்கும் திருடினதுக்கும் நடுவுல ஒரு இடம் இருக்குன்னு அவருக்கு ஒரு நம்பிக்கை. மாசக் கடைசி போன வெள்ளிக்கிழமையோட முடிஞ்சுது. நாளைக்குத் தானே கண்டுபிடிக்கிற மாதிரி கண்டுபிடிச்சு, "அடடா, இது எப்படி இங்கே வந்துச்சு"ன்னு துக்கப்படுறதா ஏற்பாடு.

"பேப்பர் வேண்டாம், தூசி. ரொட்டித் துண்டை அடுக்கிக் காட்டுறேன்."

"எல்லாத் துண்டும் ஒரே நாள்ல சுட்டதுப்பா. அதுல எப்படித் தேதி வரும்?"ன்னா பெரியவ.

"தலையணை?"

அதுக்குள்ள சின்னவன் கட்டைக் கூடத்து நடுவுக்கு இழுத்துட்டு வந்துட்டான்.

"சரி, மேலேயிருந்து ஒரு பத்துப் பேப்பர் போதும். புரிஞ்சிடும்."

"ஆறரைக் கோடி வருஷம் கீழே போகணும்னு நீங்கதானே சொன்னீங்க"ன்னுட்டு பெரியவ ஒவ்வொண்ணா எடுத்து உதறி வெச்சா. இந்த மாசத்துது முடிஞ்சு போன மாசம் முப்பத்தொண்ணு. முப்பது. அப்படியே இறங்கி இருபது. பத்தொன்பது. பதினெட்டு. லிஃப்ட் கயிறு அறுந்து ஒவ்வொரு மாடியா இறங்குற மாதிரி இருந்துச்சு அவருக்கு. பதினாலாம் தேதியில சொத்துனு ஒரு கவர் விழுந்துச்சு.

"அப்பா, இந்த அடுக்குக்குச் சம்பந்தமில்லாத பொருள்."

"இருக்கும் இருக்கும். பழைய விளம்பரமா இருக்கும். தூக்கிப் போடு."

"அம்மா பேரு போட்டிருக்கு."

"காத்துல பறந்து உள்ளே போயிருக்கும்."

"ஓரமா கத்தரிக்கோல்ல வெட்டியிருக்கே. காத்து கத்தரிக்கோல் பிடிக்குமா?" அவ நோட்டைத் திருப்பினா. "பதினாலாம் தேதி, செவ்வாய். நான் ஸ்கூல். இவன் ஸ்கூல். அம்மா டியூட்டி. மூணு பேரையும் அடிச்சாச்சு."

"அப்பாவுக்கு முதுகுவலி"ன்னான் சின்னவன், அக்கறையா. "வீட்டுல படுத்திருந்தாரு."

"வேகமா முடிவுக்கு வரக்கூடாதும்மா. சாட்சி வேணும்."

"இதோ வர்றேன்"னு சின்னவன் ஓடினான். டைனோசருக்குத்தான் சாட்சி கிடையாது. இதுக்கு எதிர்வீட்டுலேயே, நாள் முழுக்க இவங்க வாசலைப் பார்த்தே தைக்கிற ஒரு தையல்காரம்மா இருந்தாங்க. கழுத்துல டேப்போட வந்து நின்னாங்க.

"பதிவுத் தபாலா? ஆமா, அண்ணன்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினாரு. குனியவே முடியலைம்மான்னு என்கிட்ட அழுதுக்கிட்டிருந்தவரு, கீழே விழுந்த பேனாவைச் சட்டுனு எடுத்தாரு. அதான் நல்லா ஞாபகம் இருக்கு. ஏன், ஏதாச்சும் நல்ல சேதியா?"

"நீங்க போங்க. மிஷின்ல துணி காத்திட்டிருக்கும்."

"துணி எங்கே ஓடிடப் போகுது"ன்னு அவங்க வாசல்லேயே நின்னுக்கிட்டாங்க.

பெரியவ அதுக்குள்ள கடிதத்தைப் படிச்சு முடிச்சுட்டா. அவ முகம் மாறிப் போச்சு. "அம்மா, நீ அந்தப் பரீட்சைக்குப் படிச்சியே, அதுல பாஸ் பண்ணிட்டேம்மா. ஆனா வெள்ளிக்கிழமையோட கடைசி தேதி முடிஞ்சு போச்சு." சொல்லிட்டு அப்பாவைப் பார்த்தா. மண்ணுலேருந்து தோண்டி எடுத்த எலும்பைப் பார்க்கிற மாதிரி, இது எந்த ஜாதி மிருகம்னு யோசிக்கிற பார்வை.

"சொல்லலாம்னுதான் இருந்தேன். நாளைக்கு."

அம்மா கையைத் துடைச்சுக்கிட்டே வந்தாங்க. கடிதத்தை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. "பரவாயில்லை கண்ணு. அதே நாள் ஆஸ்பத்திரிக்கும் ஒரு நகல் வந்துச்சு. எப்பவோ பதில் போட்டுட்டேன்."

"என்னன்னு?"ன்னாரு அவரு.

"வர்றேன்னு. புதன்கிழமை கிளம்பணும்."

"என்னை ஒரு வார்த்தை கேட்கலையே."

"கேட்டேனே." அலமாரியிலேருந்து ஒரு காகிதம் வந்துச்சு. 'பயிற்சிக் காலத்தில் குழந்தைகளையும் வீட்டையும் கவனித்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன்.' கீழே அவரோட கையெழுத்து, வாலெல்லாம் போட்டு, அம்சமா.

"இது எப்போ?"

"இருபதாம் தேதி. டிவி பார்த்துக்கிட்டிருந்தீங்க. பிள்ளைங்க விஷயம், கையெழுத்து வேணும்னேன். எங்கே போடணும்னு கேட்டீங்க. என்னதுன்னு கேட்கலை."

அது வாஸ்தவம். பிள்ளைங்க காகிதம்னா அது பொம்பளை சமாச்சாரம். பன்னெண்டு வருஷமா அவ நீட்டுற எதையும் அவரு படிச்சதில்லை. படிச்ச ஒரே காகிதம் அவளுக்கு வந்தது.

"கடிதம் அங்கே இருக்கிறது உனக்கு எப்படித் தெரியும்?"

"அன்னையிலேருந்து நாற்காலி காலியா கிடக்க, நீங்க கட்டுமேல உட்கார்ந்துதானே பேப்பர் படிக்கிறீங்க. முட்டை இல்லாம கோழி அவ்வளவு நேரம் உட்காருமா?"

தையல்காரம்மா வாயைப் பொத்திக்கிட்டாங்க.

"அப்போ எல்லாம் தெரிஞ்சு, பிள்ளைங்களை என் மேல ஏவி விட்டே."

"நான் எங்கே ஏவினேன்? நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க. குறை சொல்லக்கூடாது, நல்லாவே சொல்லிக் குடுத்தீங்க."

"அன்னைக்கே கேட்டிருக்கலாமே."

"கேட்டிருக்கலாம்." குரல் ஏறவே இல்லை. "நீங்களா எடுத்துக் குடுப்பீங்கன்னு பார்த்தேன். பத்தொன்பது நாள். தினமும் வீட்டுக்குள்ள நுழையும்போது உங்க கையைத்தான் முதல்ல பார்ப்பேன்."

அவ கத்தியிருந்தா அவரும் கத்தியிருப்பாரு. சண்டைன்னு ஒண்ணு நடந்திருக்கும், ராத்திரிக்குள்ள சமாதானமும் ஆகியிருக்கும். கடைசியா இருந்த ஒரே ஆயுதத்தை எடுத்தாரு. "நீ போயிட்டா இந்த வீடு என்ன ஆகும்னு யோசிச்சியா?"

"நீங்க நாலு வருஷம் ராத்திரி ராத்திரி போனீங்களே. அழிஞ்சா போச்சு?"

தையல்காரம்மா டேப்பைக் கழுத்துலேருந்து எடுத்துச் சுத்திக்கிட்டே நகர்ந்தாங்க. அண்ணனைப் பார்த்து ஒரு சிரிப்பு கூடச் சிரிக்கலை. அதுதான் இன்னும் மோசமா இருந்துச்சு. அம்மா அடுக்களைக்குப் போயிட்டாங்க. பெரியவ கடிதத்தை மடிச்சு, அப்பாகிட்டே குடுக்காம, தன் நோட்டுக்குள்ளே வெச்சுக்கிட்டா. சின்னவன் மட்டும் கிட்ட வந்து, "முதுகு இப்போ வலிக்குதாப்பா?"ன்னான். நிஜமாவே வலிக்க ஆரம்பிச்சிருந்துச்சு. சொன்னா யாரு நம்புவா.

கூடம் முழுக்கப் பேப்பர். அவரு ஒவ்வொண்ணா பொறுக்கித் தேதி பார்த்து அடுக்க ஆரம்பிச்சாரு. பதிமூணு, பதினாலு, பதினஞ்சு.

"என்னங்க, அதை அப்புறம் அடுக்கலாம். கொஞ்சம் உள்ளே வாங்க. துணி துவைக்கிற மிஷினை ஓட்டக் கத்துக்கணும்."

"எனக்குத் தெரியாத மோட்டாரா?"

"மோட்டார் தெரியும். சோப்புத்தூள் எந்தப் பக்கம் போடணும்னு தெரியுமா?"

தெரியாது.

"ஒரு தடவைதான் சொல்லுவேன். வரும்போது நோட்டு எடுத்துட்டு வாங்க."

பெரியவகிட்ட ஒரு தாள் கிழிச்சுக் குடுக்கச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கிட்டு, அவரு உள்ளே போனாரு.