மாமா கைவைத்த மூக்குக்கண்ணாடிக் கடைப் பக்கம்

என் தங்கை பெற்ற தங்கத்துக்கு, மாமா தலைகுனிந்து எழுதிக்கொண்டது. இங்கே உன் அம்மா உட்பட அனைவரும் நலம். நான் மட்டும் நலமாயிருக்க அருகதையற்றவன்.

வெளியூர் கிளம்பும்போது கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னாய்: "மாமா, ஸ்டைல் ஷீட்ல அந்த ஃபோன் நம்பரோட நிறத்தை மட்டும் கறுப்பாக்கிடுங்க. வேற எதையும் தொடாதீங்க." கண்ணாடிக் கடை அம்மாள்தான் உன் முதல் வாடிக்கையாளர், வேலை பிடித்தால் அவருடைய மற்ற மூன்று கடைகளின் வலைப்பக்கமும் உனக்கே என்பதெல்லாம் எனக்குத் தெரியும். பக்கத்தில் எது என்ன நிறம், என்ன அளவு என்று வரிவரியாகச் சொல்லும் அந்தக் கோப்பைத் திறந்து நிறத்தை மாற்றினேன். அத்தோடு எழுந்திருந்தால் நான் மனிதன். நம்பர் எறும்பு மாதிரி இருக்கிறதே என்று பெரிதாக்கினேன், அசையவில்லை. கீழே நீ எழுதிய இன்னொரு வரி அதை அமுக்கிவைத்திருந்தது. அந்தக் கோப்பில் கடைசியாகப் பேசியவர் சொல்தான் செல்லுமாம், நம் வீட்டில் உன் அத்தை மாதிரி. துழாவியதில் 'இம்பார்ட்டன்ட்' என்றொரு பிரம்மாஸ்திரம் கிடைத்தது. வரிக் கடைசியில் அதைப் போட்டால் மற்ற வரிகள் வாயைப் பொத்திக்கொள்ளும். போட்டேன், நம்பர் யானையாக எழுந்தது. பக்கத்தில் கடைப் பெயர் சோனியாகத் தெரிய, அதற்கும் ஒன்று. முகவரி கோபித்துக்கொள்ளுமே, அதற்கும் ஒன்று. இப்படியே இருநூற்றுப் பத்து வரிகளுக்கும் முடிசூட்டிவிட்டேன் கண்ணு. எல்லாரும் ராஜா என்றான பிறகு யார் யாருக்கு அடங்குவார்கள்? கண்ணாடிப் படங்கள் ஓரத்தில் ஒண்டிக்கொள்ள, நம்பர் ஏழு தெரு தாண்டித் தெரிந்தது. அதை அப்படியே கடைப் பக்கத்தில் ஏற்றியும் தொலைத்தேன்.

மறுநாள் அம்மாள் கூப்பிட்டார். "என்னங்க இது, கண்ணாடி போடாமலே படிக்க முடியுது. அப்புறம் என் கடைக்கு எவன் வருவான்? யார் பண்ண வேலை?"

"என் தங்கச்சி பொண்ணுதாங்க" என்றேன், தாயே.

கெட்ட வரிகளை நீ வந்து திருத்திவிடுவாய். நான் சொன்ன இந்த ஒரு வரியை எதை எழுதி அடக்குவது? அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. நேற்று இரண்டு தட்டோடு எழுந்துவிட்டேன். இன்று போய் அவரிடம் உண்மையைச் சொல்லப்போகிறேன். என்னை மன்னித்துவிடு.

நான் தொடாத காரியம் அனைத்திலும் நீ வெற்றி பெற வாழ்த்தும்,
உன் மாமா

பி.கு.: உறையை ஒட்டுமுன் கடைக்குப் போய்வந்தேன். மேலே கேட்ட மன்னிப்பை ரத்து செய்யவும். கண்ணாடியை உடைத்தவர், தொலைத்தவர் எல்லாம் வெறுங்கண்ணால் நம்பரைப் படித்து அழைத்துத் தள்ளுகிறார்களாம். "ஒரு எழுத்தைத் தொடக் கூடாது, மத்த மூணு கடைக்கும் இதே மாதிரி வேணும்" என்கிறார். "செஞ்சது நான்தாம்மா" என்று மூன்று முறை சொன்னேன். "சின்னப் பொண்ணு நல்ல பேர் வாங்கறது உங்களுக்குப் பொறுக்கலையா?" என்று கேட்டுவிட்டார்.