கெசியாவின் பல்வலி

சூப்புக் கிண்ணம் கெசியாவுக்கு முன்னால் வந்து உட்கார்ந்ததுமே, மேசைக்கு அடியில் அம்மாவின் கால் அவள் காலை ஒரு மிதி மிதித்தது.

வாயைத் திறக்காதே என்று அர்த்தம்.

சூப் நன்றாகக் கெட்டியாக இருந்தது. அந்தக் கெட்டிக்குக் காரணம் எது என்பதுதான் கெசியாவின் கவலை. சோள மாவு என்றால் தாராளமாகக் குடிக்கலாம். மைதா என்றால் வீடு போய்ச் சேர்வதற்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட வேண்டியதுதான். வருஷக்கணக்காக எதைத் தின்றாலும் தங்காமல், இளைத்துத் துரும்பாகி, கடைசியில் வேலூர் ஆஸ்பத்திரியில் படுத்தபோது டாக்டர் சொன்னார்: "கோதுமைதான்மா உனக்கு எதிரி. மைதா, ரவை எல்லாம் அதோட சொந்தக்காரங்க. ஆயுசுக்கும் தொடக் கூடாது."

தொடுவதை விட்டாள், உடம்பு தேறிவிட்டது. ஊர்தான் தேறவில்லை. உடம்பு சரியில்லாதவர்களெல்லாம் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறுகிற ஊரில், சப்பாத்திதான் என் வியாதி என்று ஒருத்தி சொன்னால் யார் நம்புவார்கள்? வாணியம்பாடியிலிருந்து வந்த வரன், "பொண்ணுக்கு ஏதோ தீராத வியாதியாமே" என்று திரும்பிப் பார்க்காமல் போய்விட்டது. அன்றைக்கு அம்மா ஜெபராணி சட்டம் போட்டுவிட்டாள். தாலி ஏறுகிற வரைக்கும் கோதுமை என்ற பேச்சே வெளியே வரக் கூடாது.

இப்போது வந்திருப்பது ராணிப்பேட்டை வரன். ஜெஸ்டன், தோல் கம்பெனியில் சூப்பர்வைசர். பெரியவர்கள் அனுமதியோடு இரண்டு முறை போனில் பேசியிருந்தான். "ஒரு ஷூவை எதுக்கெல்லாம் ரிஜெக்ட் பண்ணுவீங்க?" என்று அவன் கேட்க, ஆம்பூர் ஷூ கம்பெனியில் தரம் பார்க்கிற கெசியா தையல், பசை, சாயம் என்று மூச்சு விடாமல் பேசினாள். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். முடித்ததும் இன்னொரு கேள்வி கேட்டான். தான் பேசுவதை இப்படி ஒருவர் கேட்பது எவ்வளவு சுகம் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. இவன் வேண்டும் என்று அன்றே முடிவு செய்துவிட்டாள்.

கம்பெனியில் மேனேஜரே கெஞ்சினாலும் ஒரு தையல் தப்பிய ஷூவை அவள் விட மாட்டாள். சாப்பாட்டு மேசையில் மட்டும்தான் திருடி மாதிரி உட்கார வேண்டியிருந்தது.

"சாப்பிடுமா. எல்லாம் உனக்காகப் பார்த்துப் பார்த்து ஆர்டர் பண்ணது" என்றாள் ஜெஸ்டனின் அம்மா எஸ்தர் சுகிர்தம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. பெண் வீட்டில் கை நனைப்பது, நனைக்காதது என்ற வம்பே வேண்டாம், பொதுவாக ஓர் ஓட்டலில் உட்கார்ந்து பேசலாம் என்று சொன்னதும், காலையிலேயே ஆம்பூருக்கு வந்து என்னென்ன வேண்டும் என்று சொல்லிவைத்ததும் அவள்தான்.

"கை கழுவிட்டு வந்துடறேன் ஆன்ட்டி."

கை கழுவுகிற இடத்தில் சப்ளையர் ஷபீ அஹமதை மடக்கினாள்.

"பாய், சூப்புல மைதா போட்டிருக்கா?"

"சேச்சே! இல்லவே இல்ல மேடம்."

"சிக்கன் சிக்ஸ்டி ஃபைவ்ல?"

"அதுலயும் இல்ல. நம்பி சாப்டுங்க."

கெசியா நம்பவில்லை. இன்னோர் ஓட்டலில் பரோட்டாவைக் காட்டிக் கேட்டபோதுகூட ஒருவர் இதே முகத்தோடு, "மைதாவா? நம்ம கடையிலயா?" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். மைதா இருக்கிறதா என்று கேட்டால், கலப்படம் உண்டா என்று கேட்பதாகத்தான் ஓட்டல்காரர்களுக்குப் படுகிறது.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். சூப் மேல் ஏடு படிந்திருந்தது.

"இன்னாமா, ஆறியே போச்சே?" என்றாள் எஸ்தர்.

"பல்வலி ஆன்ட்டி."

சொன்ன வேகத்தைப் பார்த்து கெசியாவுக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்தது.

"எந்தப் பல்லு?"

"கடவாய்ப் பல்லு."

"மேலயா, கீழயா?"

"கீழ" என்றாள் கெசியா.

"மேல" என்றாள் ஜெபராணி, அதே நேரத்தில்.

"மேலயும் இருக்கு, கீழயும் இருக்கு" என்று அப்பா இன்பசேகரன் சமாதானம் செய்துவைத்தார்.

ஜெஸ்டனின் அத்தை ரூபவதி, வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தவள், நிமிர்ந்து எஸ்தரைப் பார்த்தாள். எஸ்தர் அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஏதோ ஒன்று கனத்தது. போச்சு, மோப்பம் பிடித்துவிட்டார்கள் என்று கெசியா நினைத்தாள்.

பிரியாணி வந்தது. சீரகச் சம்பா அரிசி, கறி, நெய். அவள் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடிய ஒரே சாப்பாடு. நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டால் பேச்சு அடங்கிவிடும் என்று கையை வைக்கப் போனாள்.

"இரு இரு, பல்வலியோட எப்டி மெல்லுவே?" எஸ்தர் ஒரு சிக்கன் துண்டை எடுத்தாள். பொரித்த மேல்மாவோடு சேர்த்துப் பொடிப்பொடியாக உதிர்த்து, கெசியாவின் பிரியாணி முழுக்கத் தூவினாள். "இப்ப அப்படியே முழுங்கலாம்."

ஒவ்வொரு துணுக்கும் அரிசிக்குள் இறங்கி மறைவதைக் கெசியா பார்த்துக்கொண்டிருந்தாள். பொறுக்கியெடுக்கவும் வழியில்லை.

"ஆன்ட்டி... நான் இன்னிக்கு உபவாசம்."

"உபவாசமா? முன்னாடியே சொல்லக் கூடாதா? எதுக்காக?"

"பல்வலி தீரணும்னுதான்."

ஜெபராணி கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் ஜெஸ்டனின் அப்பா பிரேம்நாத்தின் முகம் மலர்ந்துவிட்டது. சபையில் மூப்பர் அவர்.

"பாத்தியாடா ஜெஸ்டன்! இந்தக் காலத்துப் பொண்ணுங்க ஒரு மாத்திரையப் போட்டுட்டுப் போய்டும். இது உபவாசம் இருக்குது! எல்லாரும் எழுந்திரிங்க, ஜெபிப்போம்."

நாற்காலிகள் கிறீச்சிட்டன. பிரேம்நாத்துக்குக் கம்பீரமான குரல். பல்லுக்காக ஜெபித்தார். பல்லின் வேருக்காக, ஈறுக்காக, நரம்புக்காகத் தனித்தனியாக ஜெபித்தார். மேல் பல்லா கீழ்ப் பல்லா என்று தெரியாததால் இரண்டு வரிசைக்கும் சேர்த்தே ஜெபித்தார். பக்கத்து மேசையில் இருந்த குடும்பம் சாப்பாட்டை நிறுத்திவிட்டு மரியாதையாகத் தலைகுனிந்தது. ஷபீ அஹமது தட்டும் கையுமாக அசையாமல் நின்றார். மேசையில் பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது.

கெசியா ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். எதிரே ஜெஸ்டனும் கண்ணைத் திறந்து அவள் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நிஜமான கவலை. இல்லாத ஒரு வலிக்காக இவன் முகம் வாடுகிறதே என்று நினைத்தபோதுதான், அன்றைக்கு முதல்முறையாக அவளுக்கு உண்மையிலேயே எங்கோ வலித்தது.

"ஆமென்" என்றார் பிரேம்நாத். "இப்ப எப்படிமா இருக்கு?"

வலிக்கிறது என்றால் அவருடைய ஜெபத்துக்கு அவமானம். வலிக்கவில்லை என்றால் சாப்பிட்டாக வேண்டும்.

"கொஞ்சம்... பரவால்ல அங்கிள்."

"அவ்ளோதான், சுகம் கெடைச்சாச்சு! எஸ்தர், புள்ளையோட உபவாசத்த முடிச்சு வை."

எஸ்தர் அல்வாக் கிண்ணத்தை இழுத்தாள். ஆம்பூரில் பிரியாணிக்குப் பின்னால் பிரெட் அல்வாதான் வரும் என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். செக்கச்செவேல் என்று, குழைந்து, நெய் சொட்டிக்கொண்டு அது கரண்டியில் ஏறியது. மெல்லவே வேண்டாம், வைத்தால் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

"ஆ காட்டு."

கரண்டி உதட்டருகே வந்தது. மேசை முழுக்க அவளையே பார்த்தது. அடியில் அம்மாவின் கால் மறுபடியும் அழுத்தியது. முழுங்கிடு, நாளைக்குப் பார்த்துக்கலாம்.

நாளைக்கு எப்படிப் பார்த்துக்கொள்வது? இன்றைக்கு இதை விழுங்கினால் நாளைக்குக் கல்யாணக் கேக்கை விழுங்க வேண்டும். அப்புறம் கிறிஸ்துமஸ், அப்புறம் ஒவ்வொரு விருந்து. சாகிற வரைக்கும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பல்வலிக்காரியாகவே குடித்தனம் நடத்த வேண்டும். சரக்கில் எந்தக் குறையும் இல்லை. மேலே ஒட்டியிருக்கிற சீட்டுதான் பொய். அப்படி ஒரு ஜோடி ஷூ கம்பெனியில் தன் மேசைக்கு வந்திருந்தால் அவள் என்ன செய்திருப்பாள் என்பதில் கெசியாவுக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

அம்மாவின் காலுக்கு அடியிலிருந்து தன் காலை உருவிக்கொண்டாள். எஸ்தரின் கையைப் பிடித்து, கரண்டியை மெதுவாகக் கிண்ணத்தில் இறக்கி வைத்தாள்.

"ஆன்ட்டி, எனக்குக் கோதுமை ஆகாது. மைதா, ரவை, பிரெட் எதுவும் ஆகாது. வேலூர் டாக்டர் சொல்லிட்டார், ஆயுசுக்கும் இப்படித்தான். அத விட்டுட்டா நான் நல்லாத்தான் இருக்கேன். உங்ககிட்ட சொல்லாம இருந்தது தப்பு. இப்ப சொல்லிட்டேன், இனிமே உங்க இஷ்டம்."

ஜெபராணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். இன்பசேகரன் தண்ணீர் டம்ளரைத் தேடினார். கெசியா நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள். பசி காதை அடைத்தது. ஆனால் பல வருஷங்களுக்குப் பிறகு ஒரு சாப்பாட்டு மேசையில் அவளுக்குப் பயமாக இல்லை.

எஸ்தர் குழப்பத்தோடு பிரேம்நாத்தைப் பார்த்தாள். ஜெஸ்டன் இன்னும் கெசியாவின் கன்னத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசியில், அதுவரை வாயே திறக்காத ரூபவதி அத்தை தொண்டையைக் கனைத்துக்கொண்டு முன்னால் சாய்ந்தாள்.

"அட, அது தெரிஞ்சதுதானேமா! எல்லா ஊர் சபையும் சேர்ந்த பெண்கள் சங்கக் கூட்டத்துல உங்கம்மா அழுது, உனக்காக ஜெபிக்கச் சொன்ன நாள்லேர்ந்து ராணிப்பேட்டை சபையே உன் கோதுமைக்காகத்தான் முட்டி போட்டுட்டு இருக்கு. அதனாலதான் சூப்புலேர்ந்து இந்தப் பூசணி அல்வா வரைக்கும் எங்கண்ணி பக்கத்துல நின்னு மைதா இல்லாம செய்ய வெச்சுது... நீங்க மறைச்சது இந்தப் பல்வலியத்தாம்மா!"